கட்டாயப் பணியும் கலந்த சமுதாயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் அறிஞர் பெருமக்கள் பேசுவதே மரபு. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழித்துவரும் எம்மையும் பேசுமாறு செயலாளர் பணித்தது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறது. இலக்கிய நயம் எடுத்துரைக்க எமக்குத் தகுதி இல்லை. ஆகவே, நம் இல்லங்களிலும் அலுவலகத்துத் தேநீர் வேளையிலும் அடிக்கடி அடிபடும் ஒரு பொருளையே பேச எடுத்துக்கொண்டோம்.

“நாட்டின் இளைஞர் ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டு பட்டாளத்தில் சேர்த்துவிட்டால், சாதிச் சண்டையும் மொழிச் சண்டையும் தாமே ஒழிந்துபோகும்” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். சொல்வோர் உடனே சிங்கப்பூரைச் சான்றுக்கு அழைக்கின்றனர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே கூடாரத்தில் உறங்கி ஒரே துப்பாக்கியைத் துடைத்ததனால் அந்நாடு ஒன்றுபட்டது என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் எவ்வளவு தூரம் உண்மை? இதை ஆராய்வதே இன்று நம் நோக்கம்.

இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று. தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, நிரந்தரவாசி உரிமை பெற்றுக் குடும்பத்தோடு தங்கியோர் பலர். தந்தைக்கு அப்பணி இல்லை. ஆனால் தந்தையின் வழியாக அவ்வுரிமை பெற்ற மகன் பதினாறரை வயதில் பெயர் பதிவு செய்து, பதினெட்டு வயதளவில் இரண்டு ஆண்டு கட்டாயப் பணிக்குச் சென்றாக வேண்டும். கல்லூரிக்குப் போக வேண்டிய மகன் தலைமுடி மழித்துப் படைமுகாமுக்குப் போவதைக் கண்டு கலங்கும் தாய்மாரில் நம் மொழி பேசுவோரும் உளர்.

அன்பர்களே, முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

சிங்கப்பூரில் கட்டாயப் பணி என்பது ஆங்கிலேயர் காலத்திலேயே முளைத்த எண்ணம். 1954இல் அவர்கள் அதற்கான சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, சீனப் பள்ளி மாணவர்கள் மே 13ஆம் நாள் திரண்டெழுந்து எதிர்த்தனர். எங்களுக்கு ஆட்சியில் பங்கில்லை. அந்நியனுக்காக நாங்கள் ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்லக்கூடும்? உரிமை தராத அரசு கடமையைக் கேட்டால் மக்கள் மனம் ஒப்புவதில்லை.

பின்னர் 1963இல் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தது. மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1964 ஜூலை 21ஆம் நாள் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்க்கும் சீனர்க்கும் இடையே கலகம் மூண்டது. 23 பேர் மாண்டனர். நானூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் கலகம்; மேலும் 13 உயிர்கள் போயின. அந்த ஈரம் காயுமுன்னரே, 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்து தனி நாடாயிற்று. அன்று அதற்கென்று இருந்த தரைப்படை இரண்டே இரண்டு காலாட்படைப் பிரிவுகள்; அவற்றிலும் மலேசியாவைச் சேர்ந்தோர் பலர். அந்நிலையில்தான் பாதுகாப்பு அமைச்சர் கோ கெங் சுவீ 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். படைப் பயிற்சிக்கு இஸ்ரேலிலிருந்து ஆலோசகர்கள் வந்தனர். சுற்றியுள்ள முஸ்லிம் நாடுகள் சினங்கொள்ளாதிருக்க, அவர்களை ‘மெக்சிகர்’ என்று பெயரிட்டு அழைத்தனர் என்பது வரலாறு.

முதல் தொகுதியாக ஏறக்குறைய 9,000 இளைஞர் பதிவு செய்தனர். அவர்களுள் பத்தில் ஒருவரே முழுநேரப் பணிக்கு எடுக்கப்பட்டனர். மற்றோருக்குப் பகுதிநேரப் பணி வகுக்கப்பட்டது. நல்ல இரும்பை ஆணியாக்குவதில்லை, நல்ல மகனைச் சிப்பாயாக்குவதில்லை என்பது சீனப் பழமொழி. அத்தகைய மக்களிடமிருந்து பிள்ளைகளைக் கேட்பது எளிதாக இருந்திருக்குமா? ஆகவே சமூக மன்றங்கள் வழியனுப்பு விருந்து நடத்தி, ஊரறிய அவர்களைப் பெருமைப்படுத்தி அனுப்பின. மறு ஆண்டு, அதாவது 1968 ஜனவரியில், பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்ததும், இச்சட்டத்தின் தேவை எல்லோருக்கும் விளங்கிற்று.

படைமுகாமில் நிகழ்ந்தது என்ன? அக்காலத்தில் சீன இளைஞர் பலர்க்கு ஆங்கிலமும் தெரியாது, மாண்டரினும் தெரியாது. ஹொக்கியன் என்னும் வட்டாரமொழியே தெரியும். அவர்களுக்கென்று ஹொக்கியன் பேசும் பிரிவுகள் அமைந்தன. ஆயினும் அணிவகுப்பில் கட்டளை ஒலித்தது மலாய் மொழியில். ‘செடியா’ என்றால் நேராக நிற்க வேண்டும். ‘செனாங் திரி’ என்றால் இளைப்பாறி நிற்க வேண்டும். இன்றளவும் அக்கட்டளைகள் மலாயிலேயே உள்ளன. மக்கள் தொகையில் நான்கில் மூன்று பங்கினர் சீனராயிருந்தும், சிறுபான்மையோர் மொழியில் இடப்பட்ட கட்டளைக்குச் சீன இளைஞன் கால் மாற்றி நடந்தான். இது சிறு செய்தியன்று. பெரும்பான்மையோர் தம் மொழியைத் திணியாது விட்டுக்கொடுத்த இடத்தில்தான் ஒற்றுமைக்கு முதல் விதை விழுந்தது என்பது நம் எண்ணம்.

அந்நாட்டில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கும் ஆட்சிமொழிகள். இந்தியர் தொகை நூற்றுக்கு ஒன்பது அளவே. இருந்தும் தமிழுக்கு அந்த இடம் உண்டு. இனம், மொழி, சமயம் பாராது ஒரே மக்களாய் வாழ்வோம் என்னும் கருத்தமைந்த நாட்டுறுதிமொழியை 1966இல் வரைந்து தந்தவர் எஸ். ராஜரத்தினம்; யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்த தமிழர். அன்று தொடங்கிய பணியை இதுவரை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடவர் ஆற்றியுள்ளனர். இரண்டு ஆண்டு முடிந்த பின்னும் கடமை தீர்வதில்லை; நாற்பது வயது வரை, அதிகாரிகளாயின் ஐம்பது வயது வரை, நாடு அவர்களை மீண்டும் பயிற்சிக்கு அழைக்கலாம். செல்வர் மகனும் வாடகைக் கார் ஓட்டுநர் மகனும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கின்றனர். இவ்வளவும் பாராட்டத்தக்கவையே.

ஆனால், அன்பர்களே, சிங்கப்பூரைச் சான்று காட்டுவோர் சொல்லாது விடும் பகுதி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே நாம் இந்த மேடைக்கு வந்தோம்.

எல்லோருக்கும் என்று சொல்லப்பட்ட அந்தப் பணிக்கு, தொடக்கத்தில் பத்தாண்டு அளவும் மலாய் இளைஞர் பெரும்பாலோர் அழைக்கப்படவே இல்லை. விந்தை என்னவென்றால், அதற்கு முன்பு படையிலும் காவல்துறையிலும் மிகுந்திருந்தவர்கள் மலாய்க்காரரே. தனி நாடான பின், அண்டையிலுள்ள மலேசியாவுடனோ இந்தோனேசியாவுடனோ போர் மூண்டால் அவர்கள் எப்பக்கம் நிற்பர் என்ற ஐயம் ஆட்சியாளர்க்கு எழுந்தது. 1964இன் குருதி காயாத காலம் அது என்பதை நாம் மறக்கலாகாது. நான்கு புறமும் அச்சம் சூழ்ந்த சிறு நாட்டின் தலைவர்கள் அவ்வாறு எண்ணியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த ஐயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? பதினெட்டு வயது மலாய்ப் பிள்ளைகள்.

அந்த விலை என்ன என்பதைக் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம் நன்கு அறிவோம்; ஏனெனில் அது ஒரு காகிதத்தில் அடங்கியது. வேலை கேட்டுச் செல்லும் இளைஞனிடம் முதலாளி, ‘தேசிய சேவை முடித்துவிட்டாயா?’ என்று கேட்கிறார். அவனிடம் முடித்ததற்கான சான்றும் இல்லை. விலக்கு அளித்ததற்கான சான்றும் இல்லை. என்றைக்கேனும் அழைப்பு வரும், போய்விடுவான் என்று அஞ்சி, முதலாளி வேறொருவனை எடுத்துக்கொள்கிறார். இவ்வாறு பல மலாய் இளைஞர், படைக்கும் போகாது நல்ல வேலைக்கும் போகாது, தம் இளமையின் சிறந்த ஆண்டுகளைக் காத்திருந்தே கழித்தனர். இரண்டு ஆண்டு கொடுப்பது சுமை என்று நாம் எண்ணுகிறோம். கொடுக்க விடாமல் நிறுத்தப்படுவது அதனினும் பெரிய சுமை அன்றோ?

பின்னர் நிலைமை படிப்படியாக மாறியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து மலாய் இளைஞரும் அழைக்கப்பட்டனர். ஆயின் பெரும்பாலோர் காவல்துறைக்கும் தீயணைப்புக்குமே அனுப்பப்பட்டனர். நாட்டுப்பற்றும் சமயப்பற்றும் மோதக்கூடிய இடங்களில் மலாய் வீரரை அமர்த்துவதில்லை என்று 1987இல் அமைச்சர் லீ சியன் லூங் வெளிப்படையாகவே கூறியபோது, உள்நாட்டிலும் மலேசியாவிலும் பெரும் விவாதம் எழுந்தது. பிற்காலத்தில் மலாய் இனத்தவர் போர் விமானியாயினர். 2009இல் இஷாக் இஸ்மாயில் தரைப்படையில் முதல் மலாய்த் தளபதியாக உயர்ந்தார். நாடு விடுதலை பெற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! கதவு திறந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அது திறக்க எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் எண்ண வேண்டும்.

இதிலிருந்து நாம் காணும் பாடம் ஒன்றே. ஒரே கூடாரத்தில் படுப்பதனால் ஒற்றுமை விளைவதில்லை. ஒரே அளவு நம்பிக்கை வைக்கப்படுவதனால்தான் விளைகிறது. சுமையைச் சமமாகப் பகிர். நம்பிக்கையையும் சமமாகப் பகிர். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், சேர்க்க வந்த சட்டமே பிரித்துக் காட்டும் சட்டமாகிவிடும்.

இனி, அண்டையிலுள்ள மலேசியாவைப் பார்ப்போம். அங்கும் 1969 மே 13ஆம் நாள் பெரிய இனக் கலவரம் நிகழ்ந்தது. அந்நாட்டில் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே பிரிந்துவிடுகின்றனர். மலாய் வழித் தேசியப் பள்ளி ஒருபுறம், சீனப் பள்ளி ஒருபுறம், 500க்கும் மேற்பட்ட நம் தமிழ்ப் பள்ளிகள் ஒருபுறம். தாய்மொழிப் பள்ளி நிலைத்திருப்பது அங்குள்ள தமிழர்க்கு உயிர்நாடி. அதைக் குறை கூறுவார் நம்முள் இலர். ஆயினும் பதினெட்டு வயது வரை வேற்றினத்து நண்பன் ஒருவன்கூட இல்லாது வளரும் பிள்ளைகள் பலர் என்பதும் மெய்யே. இதற்கு மருந்தாக 2003இல் சட்டம் செய்து, 2004 பிப்ரவரியில் தேசிய சேவைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். ஆண், பெண் இருபாலாரும் மூன்று மாதம் முகாமில் தங்கினர். உடற்பயிற்சி, நாட்டறிவு, நற்பண்பு, சமுதாயத் தொண்டு என்பன அதன் பாடங்கள்.

பெண்களையும் சேர்த்தது அதன் சிறப்பு. சிங்கப்பூரில் பெண்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் மலேசியாவில் எல்லோரும் அழைக்கப்படவில்லை. கணினி குலுக்கிப் போட்டு எடுத்தவரே சென்றனர். ‘என் மகன் பெயர் விழுந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பெயர் விழவில்லை’ என்னும் நிலையில், அது கடமையாகத் தோன்றாது விதியாகவே தோன்றும். முகாம்களில் சிலர் உயிரிழந்ததும் பெற்றோரைக் கலங்கச் செய்தது. செலவைக் கருதி 2015இல் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2016இல் மீண்டும் நடந்தது. 2018இல் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டது. 2025இல் 45 நாள் பயிற்சியாக மறுபடியும் உயிர் பெற்றது. பல ஆண்டுகளாய்ப் பிரித்து வளர்த்த பிள்ளைகளை மூன்று மாதத்தில் சேர்த்துவிட எண்ணுவது, கோடை முழுதும் காய விட்ட வயலுக்கு ஒரு குடம் நீர் ஊற்றி விளைச்சல் பார்ப்பது போன்றதே.

சிங்கப்பூரும் படைமுகாமை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1989 முதல் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தவரும் இன்ன விகிதம் வரையே வாழலாம் என்று வரம்பு கட்டினர். ஓர் இனத்தார் ஒரே கட்டடத்தில் மொய்த்துக்கொள்ளாதபடி செய்தனர். இதனால், தம் வீட்டை விரும்பியவர்க்கு விற்க இயலாது சிறுபான்மையோர் சிலர் இடர்ப்படுவதும் உண்டு. இருப்பினும், இரண்டு ஆண்டு கூடாரத்தில் அறிமுகமானவன் பின்னர் அண்டை வீட்டானாகவும் அமைகிறான். அண்டை வீடுதான் நீண்ட பள்ளிக்கூடம்.

நம் நாட்டுக்கு வருவோம். நம் படை இன்றும் விரும்பிச் சேர்வோரைக் கொண்டதே. எனினும் கட்டாயப் பணி நமக்குப் புதிய எண்ணமன்று. 1959இல் சி. டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, மாணவர்க்குக் கட்டாய தேசிய சேவை வேண்டுமென்று கருதியது. 1962இன் சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரிகளில் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது; 1968இல் அது மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. அடுத்த ஆண்டே, காந்தியடிகள் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று.

நம் அரசியலமைப்பை வகுத்த பெரியோர் இதனை முன்பே எண்ணியிருந்தனர். அதன் 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனால் பொதுநலத்தின் பொருட்டு அரசு கட்டாயப் பணி விதிக்கலாம் என்று விலக்கும் தருகிறது. தந்துவிட்டு உடனே ஒரு நிபந்தனையும் விதிக்கிறது. மதம், இனம், சாதி, வகுப்பு என்பவற்றை மட்டும் காரணமாக்கி எவரையும் வேற்றுமைப்படுத்தலாகாது என்பதே அந்த நிபந்தனை. சிங்கப்பூர் பல்லாண்டு பட்டறிந்து கற்ற பாடத்தை நம் முன்னோர் 1950லேயே எழுத்தில் வடித்துவிட்டனர். ஆகவே, நாளை எந்த அரசேனும் கட்டாயப் பணி கொண்டுவருமாயின், நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘எத்தனை மாதம்?’ என்பதன்று. ‘எல்லோருக்குமா? எல்லோருக்கும் எல்லாப் பொறுப்புமா?’ என்பதே. அக்கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை வராத வரையில், நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்நாட்டில் அது ஒற்றுமை தராது என்பதே எம் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் பொறுத்தருள்க.

இவ்வளவு பேசிவிட்டு, நம் ஊரைப் பற்றிச் சொல்லாது அமர்தல் முறையன்று. இந்தக் கரக்பூரில் ரயில்வே குடியிருப்புகளை மொழி பார்த்து ஒதுக்குவதில்லை. சம்பள நிலையும் வரிசை எண்ணும் பார்த்தே ஒதுக்குகின்றனர். ஆகவே வங்காளியரும் தெலுங்கரும் ஒடியரும் பீகாரியரும் தமிழரும் ஒரே வரிசையில் குடியிருக்கிறோம். சென்னையில் புறப்படும் வண்டி ஹவுரா சேர்வதற்குள் எத்தனை மொழி பேசுவோர் கை மாறி அதனைச் செலுத்துகின்றனர்! மழையில் பாதை அரித்துப்போன இரவில், கூடை தூக்குபவன் எந்த மொழிக்காரன் என்று எவரும் கேட்பதில்லை. இங்கே எந்தச் சட்டமும் நம்மை ஒன்றாக்கவில்லை. ஒரே பாதைக்கு எல்லோரும் பொறுப்பாளர் என்ற நிலையே ஒன்றாக்கிற்று.

ஆனால் பணி முடிந்து வீடு திரும்பியபின் நாம் என்ன செய்கிறோம்? நம் சங்கத்துக் கதவுக்குள் நாம் மட்டுமே கூடுகிறோம். மொழியைக் காக்கச் சங்கம் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. எனினும் நம் பிள்ளைகள் இவ்வூரின் சுமையிலும் தோள் கொடுக்க வேண்டும் அல்லவா? வந்தேறிகள் என்று நம்மை ஐயுறுபவர் எவரேனும் இருப்பின், அவ்வையத்தைப் போக்கும் வழி மேடைப் பேச்சன்று, பகிர்ந்த உழைப்பேயாம்.

ஆதலின், இளைஞர்க்கு இரண்டு வேண்டுகோள் விடுத்து அமைகிறோம். கல்லூரியில் பயில்வோர் நாட்டு நலப்பணித் திட்டத்திலோ மாணவர் படையிலோ விரும்பிச் சேருங்கள். கட்டாயம் வரும்வரை காத்திராதீர்கள். சங்கம் நடத்தும் குருதிக் கொடை முகாமுக்கும் இலவச மாலை வகுப்புக்கும் பக்கத்து வீட்டு வங்காளி நண்பனையும் தெலுங்கு நண்பனையும் அழைத்து வாருங்கள். பெறுபவராக மட்டும் அன்றி, உங்களோடு நின்று நடத்துபவராகவும் அவர்களை அழையுங்கள். பொறுப்பில் பாதியை அவர்கள் கையில் ஒப்படையுங்கள். நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் நம்பிக்கையை முதலில் நாமே பிறர் மேல் வைப்போமாக.

 வாழ்க தமிழ்! வாழ்க பாரதம்!